ஏழாவது நிமிடத்தில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக ஒரு போஸ்ட் ராக் (ராக் கருவிகளால் வாசிக்கும், பெரும்பாலும் பாட்டு வரிகள் இல்லாத இசை) குழுவில் கிதார் வாசிக்கிறேன். நான்கு பேர், இரண்டு ஆல்பங்கள். இந்த இசையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். இப்போது இதன் மீது வெறுப்பே வந்துவிட்டது. யாருடைய புதிய ஆல்பத்தைப் போட்டாலும் ஒரே கதை. டிலே என்ற எதிரொலி போட்ட கிதார் தனியாகத் தொடங்கும், நான்காவது நிமிடத்தில் டிரம்ஸ் நுழையும், ஏழாவது நிமிடத்தில் எல்லோரும் சேர்ந்து இடிப்பார்கள், பிறகு ஓய்ந்துவிடும். நிகழ்ச்சிக்கு நாற்பது பேர் வந்தால் முப்பது பேர் வேறு குழுக்களில் வாசிப்பவர்கள். ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொள்கிறோம். ஏற்பாட்டாளர்கள் டிக்கெட்டையும் எங்களையே விற்றுத் தரச் சொல்கிறார்கள். ஸ்ட்ரீமிங்கில் வரும் தொகை கிதார் கம்பிக்குக்கூடக் காணாது. புதிதாக வரும் இளைஞர்கள் கிதார் ஒலியை மாற்றும் பெடல் வாங்குவதோடு சரி, பழைய ஆல்பங்களைக் கேட்பதே இல்லை. இந்த இசை செத்துவிட்டதா? நான் விலகிவிடலாமா? அடுத்த ஆல்பத்தை வினைல் இசைத்தட்டாகக் கொண்டுவர ஆசை. எங்களுடைய புதிய ஆக்கங்கள் இரண்டை இணைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே ஒலிக்கோப்புகளைத் திறந்துவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலிப்பதிவைக் கடைசியாகச் செம்மைப்படுத்தும் வேலை) செய்து பிழைக்கிறவனுக்கு வருகிற பழக்கம் இது. காதில் விழுவதற்கு முன்னால் அலைவடிவத்தைக் கண் பார்த்துவிடும். உங்கள் முதல் ஆக்கம் திரையில் ஒரு மீனைப் போல விரிந்தது. இடப்பக்கம் மெல்லிய வால், நடுவில் மெதுவாகப் பருத்துக்கொண்டே போகும் உடல், வலப்பக்கம் கொழுத்த தலை. இரண்டாவதும் மீன்தான், கொஞ்சம் நீளமான மீன்.

அதற்குப் பிறகுதான் கடிதத்தைப் படித்தேன். படித்ததும் ஒரு விளையாட்டுப் புத்தி வந்தது. கடந்த சில மாதங்களில் மாஸ்டரிங்குக்கு வந்த வேறு போஸ்ட் ராக் குழுக்களின் கோப்புகளில் நான்கை எடுத்து, உங்களுடைய இரண்டுக்கும் கீழே வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஆறு மீன்களும் ஒரே திசையைப் பார்த்து நீந்திக்கொண்டிருந்தன. கோப்புகளின் பெயரை மறைத்துவிட்டு உங்களிடம் காட்டியிருந்தால் எது உங்களுடையது என்று உங்களாலேயே சொல்லியிருக்க முடியாது.

ஒளிவுமறைவில்லாமல் சொல்லச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆக்கங்களின் வேகமும் நிமிடத்துக்கு 120 தட்டு. பெரும்பாலான ஒலிப்பதிவு மென்பொருட்களைத் திறந்தவுடன் அதுவாகவே நிற்கும் வேகம் அது. யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் மாற்றவும் இல்லை. கிதாரின் டிலே 375 மில்லி விநாடியில் திரும்பி வருகிறது. 120 வேகத்தில் புள்ளி வைத்த எட்டாம் சுரத்துக்கு, அதாவது முக்கால் தட்டு நீளத்துக்கு, அதுதான் கணக்கு, பெடலே போட்டுக்கொடுத்துவிடும். பிறகு அந்த ஏழாவது நிமிடம். மனிதக் காதுக்கு ஓர் ஒலி இரண்டு மடங்கு உரத்ததாகத் தோன்ற வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபெல் கூட வேண்டும். உங்கள் சன்னமான பகுதிக்கும் எல்லோரும் சேர்ந்து இடிக்கிற பகுதிக்கும் நடுவே நான் அளந்த வித்தியாசம் 4 டெசிபெல். தொடக்கத்தையே அழுத்திப் பிழிந்து மேலே தூக்கி வைத்துவிட்டீர்கள். மாடியிலேயே நின்றுகொண்டு மாடிப்படி ஏறுவது எப்படி? உச்சம் வந்துவிட்டது என்று வாசிக்கிற நான்கு பேருக்கும் தெரிகிறது, கேட்கிறவருக்குச் சத்தத்தின் நிறம் கொஞ்சம் மாறியதாகத்தான் படுகிறது.

ஆக, நீங்கள் எல்லோர் மீதும் வைத்திருக்கும் புகாரின் முதல் இரண்டு சாட்சிகள் உங்கள் கடிதத்தோடேயே வந்திருக்கின்றன. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்களுடைய சலிப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மற்றவர்களின் ஆல்பம் உங்களை எரிச்சலூட்டுகிறது என்றால், அதில் உங்கள் கை செய்கிற காரியத்தையே உங்கள் காது அடையாளம் கண்டுகொள்கிறது.

இனி, செத்துவிட்டதா என்ற கேள்வி. இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தப் பெயரை இன்றைய பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிரிட்டிஷ் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ். ஆண்டு 1994. ராக் இசையின் கருவிகளைக் கையில் எடுத்துக்கொண்டு ராக் அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்துவதுதான் போஸ்ட் ராக் என்பது அவர் சொன்னதன் சாரம். கிதாரை வீரம் காட்டுவதற்கு வைத்துக்கொள்ளாமல் ஒலியின் நிறத்துக்கும் இழைக்கும் பயன்படுத்துவது. அப்போது அவர் சுட்டிக்காட்டிய குழுக்களைப் பாருங்கள். டிஸ்கோ இன்ஃபெர்னோ கிதாரையும் டிரம்ஸையும் சாம்ப்ளரோடு, அதாவது பதிவு செய்த ஒலிகளை எழுப்பும் கருவியோடு, இணைத்துவிட்டது. கம்பியை மீட்டினால் பறவைச் சத்தமும் தண்ணீரும் கண்ணாடி உடைவதும் வெளியே வரும். ஸீஃபீல் கிதாரை மின்னணு இசைபோல் கரைத்து மிதக்கவிட்டது. பார்க் ஸைக்கோஸிஸ் மௌனத்தை அடுக்கி வைத்து ஆல்பம் செய்தது. இவர்கள் மூவரில் ஒருவர் இன்னொருவரைப்போல இல்லை. நீங்கள் வெறுக்கிற அந்த ஏழாவது நிமிடம் இவர்களின் அடையாளமாக இருந்ததே இல்லை.

அவர்களுக்கும் முன்னோடிகள் உண்டு. டாக் டாக் என்ற குழு பாப் பாடல்களால் பேர் பெற்றது. 1986க்குப் பிறகு அவர்கள் மேடை ஏறவே இல்லை. 1988ல் வெளியான ஆல்பத்துக்காக லண்டனில் ஒலிப்பதிவுக் கூடத்தை ஏறக்குறைய இருட்டாக்கி, வந்த கலைஞர்களை மணிக்கணக்கில் மனம்போனபடி வாசிக்கவைத்து, அதிலிருந்து சில விநாடிகளை மட்டும் பொறுக்கிக் கோத்தார்கள். மிச்சமெல்லாம் குப்பைக்குப் போனது. என் தொழிலில் இருப்பவர்கள் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், அவ்வளவு மரியாதை. அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில் ஸ்லின்ட். இருபது வயதை ஒட்டிய பையன்கள். 1991ல் அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் வெளிவருவதற்குள் குழுவே கலைந்துவிட்டது. டிஸ்கோ இன்ஃபெர்னோ 1995ல் கலைந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் ஒரு பொற்காலத்து ஏக்கம் இருக்கிறது. நல்ல இசை இருந்த காலத்தில் நல்ல வட்டாரமும் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். இல்லை. நீங்கள் கும்பிடுகிற ஆல்பங்கள் பிறந்தபோது அவற்றுக்கென்று ஒரு வட்டாரமே கிடையாது. விழா கிடையாது, தனி லேபிள் (ஆல்பம் வெளியிடும் நிறுவனம்) கிடையாது, ஒரே மாதிரி சட்டை போட்ட ரசிகர்கள் கிடையாது. ஸ்லின்டின் அந்தப் பையன்களுக்குத் தாங்கள் வாசிப்பது போஸ்ட் ராக் என்று தெரியாது. அந்தப் பெயர் வரவே இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. நாற்பது பேர் வந்தார்கள் என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். டாக் டாக் அந்த ஆல்பத்தை ஒருவர் முன்னிலையில்கூட மேடையில் வாசிக்கவில்லை.

பிறகு எப்படி மீன் வந்தது? தொண்ணூறுகளின் பிற்பாதியில் கிளாஸ்கோவிலிருந்து மோக்வாய், மான்ட்ரியலிலிருந்து காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் ஆகிய இரண்டு குழுக்களும் சன்னத்துக்கும் பேரிரைச்சலுக்கும் உள்ள தூரத்தையே இசையின் பொருளாக்கிக் காட்டின. 1997ல் இரண்டும் தங்கள் முதல் முழு ஆல்பங்களைக் கொண்டுவந்தன. அப்போது அது கண்டுபிடிப்பு. அடுத்து என்ன வருமோ என்று கேட்கிறவன் பயந்தான். டெக்ஸாஸின் எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை அதையே உருக்கமாக, கண்ணீர் வருமளவுக்குச் செய்தது. 2004ல் ஒரு ஹாலிவுட் விளையாட்டுப் படத்துக்கு அவர்களே இசையமைத்தார்கள். படம் ஓடியது, இசையும் ஓடியது. அதற்குப் பிறகு ஓடும் காலணி, மலையேறும் மனிதன், சூரியன் உதிக்கும் கார் விளம்பரம் எல்லாவற்றுக்கும் இதே ஏற்றம் தேவைப்பட்டது. நானே பொய் சொல்லக் கூடாது, விளம்பரங்களுக்கு வாடகைக்கு விடுகிற இசைத் தொகுப்புகளுக்காக இப்படிப்பட்ட துண்டுகளை மாஸ்டர் செய்து கொடுத்திருக்கிறேன். ஒன்றரை நிமிடத்துக்குள் ஏறி இறங்க வேண்டும் என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியதாக ஓர் இசை மாறிவிட்டால் அதன் மேல் சலிப்பு வருவது ஆரோக்கியத்தின் அறிகுறி.

ஆனால் மீன் வந்த அதே காலத்தில் வேறு வழிகளும் திறந்திருந்தன, இன்றும் யாரும் அவற்றை அடைக்கவில்லை. சிகாகோவின் டார்ட்டாய்ஸ் 1996ல் இரண்டு பேஸ் கிதாரையும், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனையும் முன்னால் நிறுத்தி, வாசித்ததைக் கூடத்தில் வெட்டி ஒட்டி, ஏற்றமே இல்லாத ஓர் இசையைச் செய்தது. ஆஸ்திரேலியாவின் டர்ட்டி த்ரீ வயலின், கிதார், டிரம்ஸ் மூன்றை வைத்துக்கொண்டு ஒரு குடிகாரனின் நடையை வாசித்துக் காட்டியது. பேஸ் கிதார்கூடக் கிடையாது. போஸ்ட் ராக் என்ற பெரிய வீட்டில் ஒரே ஓர் அறையில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, புழுங்குகிறது என்று குறைப்படுகிறோம்.

நடுவே ஒன்று, தொழில் ரீதியாக என்னை வதைக்கிற விஷயம். உங்கள் அடுத்த ஆல்பத்தை வினைலில் கொண்டுவர ஆசை என்று எழுதியிருந்தீர்கள். வினைல் தட்டு ஒரே வேகத்தில் சுற்றுகிறது, நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஆனால் ஊசிக்குக் கீழே ஓடுகிற தூரம் ஒரே அளவில் இருப்பதில்லை. விளிம்பில் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிற பள்ளம், நடுவுக்குப் பக்கத்தில் வரும்போது 21 சென்டிமீட்டர்தான் ஓடும். பாதிக்கும் குறைவான இடத்தில் அதே இசையை எழுத வேண்டும். அதனால் உரத்த ஒலி அங்கே பிசிறடிக்கும், கூர்மை மங்கும். உங்கள் இசையின் மிக உரத்த இடம் எங்கே விழுகிறது? பக்கத்தின் கடைசியில், தட்டின் மிக மோசமான இடத்தில். இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு பக்கத்தை நிரப்பினால் இன்னும் மோசம். மீன் வடிவம் எந்த ஊடகத்துக்குப் பொருந்தாதோ அந்த ஊடகத்தின் மீதுதான் நம் ஆட்களுக்குக் காதல். உரத்த இடத்தை முதலில் வைத்து, இறங்கிக்கொண்டே போய்ச் சன்னத்தில் முடிகிற ஓர் ஆக்கத்தை யாராவது கொண்டுவந்தால் தட்டு வெட்டுகிற பொறியாளர் கையெடுத்துக் கும்பிடுவார். ஒருமுறை முயன்று பாருங்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. ஸ்ட்ரீமிங் கணக்கில் முப்பது விநாடி ஓடினால் ஒரு முறை. உங்கள் பதினொரு நிமிட ஆக்கமும் ஒரு முறைதான், இரண்டு நிமிடப் பாட்டும் ஒரு முறைதான். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஓர் ஆக்கம் பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாவிட்டால் அதற்கு உரிமத்தொகையே கிடையாது. இந்த விதி நீண்ட இசைக்காக எழுதப்படவில்லை, எழுதப்படவும் போவதில்லை. அங்கே இசையை வைத்திருங்கள், அதிலிருந்து பணம் எதிர்பார்க்காதீர்கள். கலைஞர்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டல் விற்பனைக்கு 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள், மீதி உங்களுக்கு; அது நியாயமான கணக்கு. ஆனால் அந்தத் தளமே 2022ல் ஒரு வீடியோ விளையாட்டு நிறுவனத்திடம் போய், 2023ல் இன்னொரு நிறுவனத்திடம் கை மாறியது. அந்தக் கைமாற்றத்தில் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேலை இழந்தார்கள். எனவே உங்கள் இசையை வாங்கியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை நீங்களே ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு பேர் இருந்தாலும் அது உங்களுடைய இருநூறு பேர்.

டிக்கெட் விற்றுத் தரச் சொல்கிற ஏற்பாட்டாளர்களிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. ஒரு மாலையில் ஐந்து குழுக்களை ஏற்றி ஆளுக்கு அரை மணி நேரம் கொடுக்கிற நிகழ்ச்சிகளையும் தவிர்க்கலாம். அரை மணி நேரத்தில் மூன்று ஆக்கம் வாசிக்க வேண்டுமென்றால் மூன்றும் சீக்கிரம் உச்சத்துக்கு ஓடத்தான் செய்யும். சூத்திரம் உருவாவதில் அந்தக் கடிகாரத்துக்கும் பங்கு இருக்கிறது. இரண்டு குழு, ஆளுக்கு ஒரு மணி நேரம், உட்கார நாற்காலி. அதைக் கேட்டு வாங்குங்கள், அல்லது இன்னொரு குழுவோடு சேர்ந்து நீங்களே நடத்துங்கள்.

முதுகு சொறிதல் பற்றி எழுதியிருந்தீர்கள். இதுதான் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த இடம், ஏனென்றால் சொறிந்தவர்களில் நானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் தன் குழுவின் ஆல்பத்தை மாஸ்டரிங்குக்கு அனுப்பினார். ஏழு ஆக்கம். மூன்றாவதிலேயே எனக்குக் கவனம் போய்விட்டது. கீழ்ச்சுருதி ஒலிகளை ஒரு டெசிபெல் குறைத்து, மேலே கொஞ்சம் வெளிச்சம் ஏற்றி, "நன்றாக வந்திருக்கிறது" என்று எழுதி அனுப்பினேன். ஆல்பம் வந்தது, நண்பர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து ஓர் இரவு அவர் என்னிடம் கேட்டார்: "உனக்கு அப்போதே தெரியும், இல்லையா?" தெரியும் என்றேன். "நீ சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்டவன். நீகூடச் சொல்லவில்லையே?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் இப்போது வாசிப்பதில்லை.

நாற்பது பேர் உள்ள வட்டாரத்தில் உண்மை பேசுவது கடினம். இன்று நான் உங்கள் ஆல்பத்தைக் குறை சொன்னால் நாளை உங்கள் ஆம்ப்ளிஃபையரை இரவல் கேட்க முடியாது. அதனால் "அருமை" என்பது நமக்குள் வணக்கம் சொல்வதுபோல் ஆகிவிட்டது. அதை யாரும் பொய் என்று நினைப்பதுகூட இல்லை. அன்றிரவுக்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், அதை உங்களுக்கும் தருகிறேன். வேறு வேறு குழுக்களிலிருந்து நான்கு பேர், இன்னும் முடியாத ஓர் ஆக்கம், ஆளுக்கொரு காகிதம். விளக்கு குறைவாக இருந்தால் நல்லது. இசை ஓடும்போது கவனம் எந்த விநாடியில் வேறு எங்காவது போனதோ அந்த விநாடியை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று யாரும் கருத்துச் சொல்லக் கூடாது, வெறும் எண்கள். நான்கு காகிதத்திலும் 3:40 என்று இருந்தால் அங்கே விவாதத்துக்கு இடமில்லை, யாருடைய மனமும் புண்படுவதும் இல்லை. எண்ணோடு சண்டை போட முடியாது அல்லவா?

இளைஞர்களைப் பற்றி நீங்கள் சொன்னது பாதிதான் சரி என்று நினைக்கிறேன். பெடல் மோகம் உண்மைதான். பலகை நிறையப் பெடல் அடுக்கி வைத்துக்கொண்டு ஒரே சத்தம் எழுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பழைய ஆல்பங்களைக் கேட்கவில்லை என்பது குற்றமா? உங்கள் தலைமுறை அவற்றை மனப்பாடமாகக் கேட்டதால்தானே ஏழாவது நிமிடம் கையில் தானாக வருகிறது? கேட்காமல் வருகிறவர்களில் ஒருவர் ஏதாவது தவறாகச் செய்து, அது நன்றாக அமைந்துவிட வாய்ப்பு உண்டு. அவர்களில் ஒருவரை உங்கள் ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள். டிரம்ஸ் வாசிக்காத, கிதார் வாசிக்காத ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வட்டாரத்தின் மீதான கோபம் வீணான சரக்கு அல்ல. 2013ல் காட்ஸ்பீட் குழுவுக்குக் கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசு கிடைத்தது. பரிசு விழாவின் ஆடம்பரத்தையும் அதற்குப் பின்னால் நின்ற விளம்பரதாரர்களையும் அவர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். பரிசுப் பணத்தை கியூபெக் சிறைகளில் இருப்பவர்களுக்கு இசைக்கருவிகள் கிடைக்கச் செலவிடப்போவதாக அறிவித்தார்கள். கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டால் அது ஏதாவது ஒரு வேலையைச் செய்யும். உங்கள் கோபம் இப்போதைக்கு நாற்பது பேரையும் சேர்த்துப் பொதுவாகத் திட்டிக்கொண்டிருக்கிறது.

விலகலாமா என்றால், வட்டாரத்திலிருந்து தாராளமாக விலகலாம். ஆறு மாதம் எந்த நிகழ்ச்சிக்கும் போகாதீர்கள், யாருடைய புதிய ஆல்பத்தையும் கேட்காதீர்கள், எதற்கும் "அருமை" என்று எழுதாதீர்கள். யாரும் தேட மாட்டார்கள் என்ற பயம் வரும். முதல் மாதம் அது உண்மையாகவும் இருக்கும். குழுவிலிருந்து விலகாதீர்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை உங்கள் முதல் கோப்பில் கண்டுபிடித்தேன்.

6:12க்குப் போய்க் கேளுங்கள். ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால் டிரம்ஸ் வாசிப்பவர் ஒரு சுற்று முன்னதாகவே நிறுத்திவிடுகிறார். தவறு என்று நினைக்கிறேன், ஏனென்றால் கிதார்கள் இரண்டும் திகைத்து அடங்குகின்றன. பேஸ் கிதார் மட்டும் தனியாக நிற்கிறது. அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரே சுரத்தை இரண்டு முறை, மூன்றாம் முறை கொஞ்சம் தாமதமாக மீட்டுகிறார். ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல் கேட்கிறது. யாரோ நாற்காலியில் அசைகிறார்கள். பதினான்கு விநாடி. அடுத்து என்ன வரப்போகிறது என்று உங்கள் நான்கு பேருக்கும் தெரியாத பதினான்கு விநாடி. அதனால் எனக்கும் தெரியவில்லை. நான் முன்னால் குனிந்து கேட்டேன். இந்த மாதத்தில் வேலை நேரத்தில் நான் அப்படிக் குனிந்தது அது ஒரு தடவைதான். பிறகு 6:26ல் டிரம்ஸ் வாசிப்பவர் சுதாரித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறார், எல்லோரும் நிம்மதியாக மீனுக்குத் திரும்பிவிடுகிறீர்கள்.

அந்த ஆக்கத்தை இப்போதைக்கு வெளியிட வேண்டாம். ஆறு நிமிடம் பன்னிரண்டு விநாடிக்கு முன்னால் உள்ளதையும், இருபத்தாறுக்குப் பின்னால் உள்ளதையும் ஒரு வாரம் மறந்துவிட்டு, அந்தப் பதினான்கு விநாடியிலிருந்து நான்கு பேரும் மறுபடி தொடங்கிப் பாருங்கள். வேகம் காட்டும் கிளிக் ஓசையை அணைத்துவிடுங்கள். டிலே பெடலை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். முதல் மூன்று நாள் ஒன்றும் வராது, நான்கு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆனாலும் எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள்.

ஒலிப்பதிவை எனக்கு அனுப்புங்கள். 24 பிட் வேவ் கோப்பாக, ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக, எந்த இடத்திலும் லிமிட்டர் (உச்ச ஒலியை அடக்கும் கருவி) போடாமல். நாற்காலிச் சத்தத்தை நீக்க வேண்டாம்.